கீழ் டிவிஷனின் மரண அறிவித்தல்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ போன் எடுத்தபோது நான் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றாய். பின்னேரத்தில் நீ இந்தக் கேள்வியைக் கேட்டால் பின்னால் ஏதோ கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். பத்திரிகை வேலைக்குப் போன நாளிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாய், அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பேசினாய், பிறகு சொன்னாய்: "பேப்பர்ல இனி ஊர்ப் பக்கம் வராதாம்மா. எல்லா ஊர் நிருபர்களுக்கும் அறிவிக்கச் சொன்னாங்க. மாத்தளைக்கு நானே சொல்றேன்னுட்டேன்." "அப்ப என்னை நிப்பாட்டுறது நீயா?" என்றேன். "நான் இல்லம்மா, நிர்வாகம்." "நிர்வாகத்துக்கு என் நம்பர் தெரியாதே மகன், உனக்குத்தானே தெரியும்." நீ சிரிக்கவில்லை. உன் பக்கத்து மேசையில் வேறு ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாய். நானும் மிச்சப் பலாக்கொட்டையை உரித்து முடித்தேன்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நம் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். வழக்கமாக இப்படிப்பட்டவர்களுக்கு நான் கொடுக்கும் வாழ்த்துச் செய்தியை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கிறேன். ஆகவே ஊரெல்லாம் வாசித்து, பேக்கரியில் பாண் சுற்றி முடிந்த பிறகு உனக்கு ஒரு பிரதி வரும். கோபத்தில் எழுதவில்லை. பெற்ற பிள்ளையே வேலையிலிருந்து நீக்கிய அம்மா இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் ஒரு பெருமை கூட உண்டு. நானும் ஆசிரியர், உனக்கு மேலே இருப்பவரும் ஆசிரியர். அவர் கையில் பத்திரிகை, என் கையில் பிரம்பு. ஆனால் வெட்டுவதில் அவர்தான் கெட்டிக்காரர்.

நான் எப்படி நிருபரானேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நாட்டுக்குப் பெயர் மாறிய வருஷம் அது. எனக்குப் பதினாறு வயது, வாய்க்கு முப்பது. பஸ் நிலையத்துக்குப் போகும் வீதியில் ஒரு பெரிய குழி இருந்தது. நான் அதைப் பார்க்கத் தொடங்கி மூன்று வருஷம். பேப்பரில் குழந்தைகளின் படம் போட்டுப் பிறந்தநாள் வாழ்த்துப் போடுவார்களே, அதைப் பார்த்து ஒன்று எழுதினேன்: 'செல்வன் பள்ளம் தனது மூன்றாவது பிறந்தநாளை மழைத் தண்ணீரோடு கொண்டாடுகிறார். இவர் மென்மேலும் ஆழமாகவும் அகலமாகவும் வளர, இவருக்குள் விழுந்தெழும்பிய அனைவரும் வாழ்த்துகின்றனர்.' வகுப்பில் சிரிக்கத்தான் எழுதினேன். பக்கத்து வாங்குக்காரி பந்தயம் கட்டியதால் கொழும்புக்கு அனுப்பினேன். அதை ஊர்ப் பக்கத்தில் போட்டு, அடியில் 'எமது மாத்தளை நிருபர்' என்றும் எழுதிவிட்டார்கள். அடுத்த கிழமை தார் லொறி வந்தது. வீதி இலாகாவின் பொறியியலாளர் அந்த நிருபரைத் தேடிக் கடை கடையாக ஏறினாராம். அவர் மீசை வைத்த ஆளைத் தேடினார். நான் இரட்டைப் பின்னலோடு பஸ்ஸுக்கு நின்றேன்.

அப்படித்தான் ஆரம்பம். பிறகு டீச்சர் நியமனம் கிடைத்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் பேப்பருக்கு எழுதக்கூடாது என்பதால் கடைசிவரை பெயரில்லாமலே எழுதினேன். செய்தியை உறையில் போட்டு கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் கோட்டையில் பேப்பர் கந்தோர்ப் பையனிடம் கொடுப்பார். உன் அப்பா அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரி அலுவலகத்துக்கு எழுதுவினைஞராக மாற்றலாகி வந்தார். ஒருநாள் பஸ் நிலையத்தில் வந்து நின்று, "நீர்தானே அந்த நிருபர்?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "உம்மட கையெழுத்து உறையில கிடக்கு, நான் கண்டக்டரிட்டக் கேட்டனான்," என்றார். பயந்துவிட்டேன். அவரோ காட்டிக்கொடுக்க வரவில்லை, ஒரு தொழில் ரகசியம் சொல்ல வந்தார். "சனம் வெறும் மனு அனுப்பினா அதைக் கட்டுக்கு அடியில வைப்பினம். பேப்பர்த் துண்டை வெட்டி மனுவோட குத்தி அனுப்பினா மேல வைப்பினம். மேலிடம் கேட்டா மறுமொழி சொல்ல வேணுமெல்லே." எனக்குத் தாலி கட்டியது பிறகுதான், முதலில் இந்தக் 'கட்டிங்'தான் எங்களைக் கட்டியது. நான் எழுதுவது வாசிப்பதற்கு மட்டுமல்ல, குத்துவதற்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பல்லேகமவிலிருந்தும் வில்கமுவவிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்து, "டீச்சர், ஒரு கட்டிங் வேணும்," என்று கேட்பார்கள், மருந்துக் கடையில் குளிசை கேட்பதுபோல. நான் எழுதுவேன், அவர்கள் வெட்டுவார்கள், அப்பா மேலே வைப்பார். உடைந்த பாலம், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி, நின்றுபோன பஸ் என்று எத்தனையோ அப்படி நகர்ந்தன.

இதை வைத்து அந்தக் காலம் தங்கமான காலம் என்று நினைத்துவிடாதே. நான் எழுதியதில் பாதி, கோயில் திருவிழாவில் யார் யாருக்கு மாலை போட்டார் என்பதுதான். ஒரு மாலை விட்டுப்போனால் வீட்டு வாசலில் சண்டை. எல்லாரும் 'போடுங்க, போடுங்க' என்று வந்த காலம் அது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அதே ஆட்கள் 'போடாதீங்க' என்று வரத் தொடங்கினார்கள். கடை எரிந்துபோன ஒருவர், கரி படிந்த சட்டையோடு நம் வீட்டுக்கு வந்து, கடை எரிந்ததை மட்டும் எழுதிவிட வேண்டாம் என்று கும்பிட்டார். "போட்டா நான் இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சிரும் டீச்சர்," என்றார். நான் எழுதவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து, சிங்களக் கிளர்ச்சிக்காரப் பொடியன்கள் பேப்பர் விற்கக்கூடாது என்று சுவரில் துண்டு ஒட்டின காலம் வந்தது. வீதியோரத்தில் கிடந்த உடலைப் பார்த்தும் பார்க்காததுபோல் உன் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்தேன். நீ குனிந்து பார்க்கப் போனாய், நான் கொடி மரத்தில் காகம் இருக்கிறது, பார் என்றேன். அந்தக் கிழமை நான் அனுப்பிய செய்தி பரிசளிப்பு விழா. சரியா பிழையா என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஊர்ச் செய்தியை யாரோ ஒரு பெரிய கை வந்து கழுத்தை நெரித்துக் கொன்றது என்று உன் நண்பர்கள் கட்டுரை எழுதுவார்கள். அந்தக் கையும் இருந்தது. ஆனால் பாதி வேலையை ஊரே, ஒவ்வொருவராக வந்து, தேத்தண்ணி குடித்து, கெஞ்சி, முடித்துக்கொடுத்தது.

பிறகு கேள்வி மாறியது. முன்பெல்லாம் நான் டெலிபோனில் செய்தி சொன்னால் மேசையில் இருப்பவர் "எந்த இடம்? யார்?" என்று கேட்பார். சண்டை முற்ற முற்ற, "எத்தனை பேர்?" என்பதுதான் முதல் கேள்வி. அது அவர்கள் குற்றமில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒவ்வொரு நாளும் வருகிற எண்ணிக்கைக்கு முன்னால் எங்கள் பாலத்துக்கு என்ன மதிப்பு? முழுப்பக்கமாக இருந்த மாத்தளை, அரைப் பக்கமாகி, 'மலையகச் சுருக்கம்' என்ற பெட்டிக்குள் கண்டி, நுவரெலியாவோடு முட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கடைசியில் விளம்பரம் பிடித்துத் தருகிற நிருபருக்கு மட்டும்தான் செய்தி வரும் என்றானது. நான் பிடித்துக் கொடுத்ததெல்லாம் பிறந்தநாள் வாழ்த்து. இந்த முறை பள்ளங்களுக்கு இல்லை, உண்மையான பிள்ளைகளுக்கு.

இனிக் கீழ் டிவிஷனுக்கு வருகிறேன். உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். மிச்சத்தை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரத்தோட்டைப் பக்கத்தில் நான் படிப்பித்த தோட்டப் பாடசாலை உனக்கு நினைவிருக்கும். தோட்டத்தின் பெயர் வேண்டாம், கம்பெனி மாறிவிட்டது. பாடசாலைக்கு எதிர்ப்பக்கத்துச் சரிவில், ஓடைபோல் ஓடும் கானின் பாலம் தாண்டி, கீழ் டிவிஷன் லயம், தொழிலாளர்களின் காம்பராக்கள் ஒட்டியொட்டி நிற்கும் வரிசை. லயத்துக்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்கு மேலே பைனஸ் மரம் நட்ட மேடு. இரண்டு வருஷத்துக்கு முன், நீ செய்தி மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம், பார்வதி என்ற கொழுந்தெடுக்கும் பெண் இடைவேளையில் என்னிடம் வந்தாள். அவளுடைய மகள் என் வகுப்பு. "டீச்சர், மலை வாயத் தொறந்திருக்கு," என்றாள். ஆட்டின் கால் ஒரு வெடிப்பில் சிக்கி, அதை இழுக்கப் போனபோது கண்டிருக்கிறாள். நானும் குடையை ஊன்றிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். மேட்டின் நெற்றியில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிலம் வெடித்திருந்தது. ஒரு கல்லை உள்ளே போட்டேன். விழுந்த சத்தம் வர நேரம் எடுத்தது. அடியில் லயத்தின் தகரக் கூரைகளும் காயப்போட்ட துணிகளும் தெரிந்தன.

மனு எழுதினோம். கிராம சேவகர் வந்து, முழங்கால் வருத்தம் என்று கீழே நின்றே மலையைப் பார்த்துவிட்டுப் போனார். தோட்டத்துப் பெரிய தொரை, "வெயிலுக்கு மண் வெடிக்கிறது வருஷா வருஷம் உள்ளதுதானே," என்றார். உன் அப்பா அப்போது ஓய்வுபெற்றுவிட்டார், ஆனாலும் கச்சேரியில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "மனு கட்டுக்கு அடியில கிடக்கு. துண்டு ஒண்டும் குத்தேல்லை." நான் செய்தி அனுப்பினேன், வரவில்லை. திரும்ப அனுப்பினேன், வரவில்லை. உனக்குப் போன் எடுத்தேன். "அம்மா, வடக்கு நியூஸுக்கே இடம் காணாது. அதோட, மலை இன்னும் விழலதானே?" என்றாய். "விழுந்தா?" "விழுந்தா உடனே எடுங்க." நீ அதைச் சிரிக்கச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னாய். ஐப்பசி மழைக்கு அதிக நாள் இருக்கவில்லை.

அன்றைக்குப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தேன். மரண அறிவித்தல் பக்கத்தில் இருந்தது. இறந்தவர்களுக்கு மட்டும் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், வீட்டு விலாசம், வழி எல்லாம் விளக்கமாகப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஏழைக்கு இவ்வளவு இடம் பேப்பரில் எங்கேயும் கிடையாது. அடுத்த ஞாயிறு காலை லயத்துப் பீலியடிக்குப் போனேன். எல்லாரையும் கூட்டி, என் எண்ணத்தைச் சொன்னேன். பீலித் தண்ணீர் குடங்களில் நிரம்பி வழிய வழிய நின்று கேட்டார்கள்.

"எங்க எல்லார் பேரும் பேப்பர்ல வருமா டீச்சர்?" என்று கேட்டார் செல்லமுத்து. "வரும். ஆனா சாகப் போறவங்களா." "எப்படியோ, வந்தாச் சரி. வயச மட்டும் அறுபதுன்னு போடுங்க." அவர் மனைவி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஏன், செத்த பெறகு பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பார்வதி மட்டும் சிரிக்கவில்லை. "என் பேரையும் புள்ள பேரையும் மொதல்ல போடுங்க டீச்சர். எங்க காம்பராதான் கடைசி, மலை மொதல்ல எங்கிட்டதான் வரும்." அப்போது ராமையா எழுந்தார். தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டி, வேலை ஓய்ந்து, வீட்டோடு இருந்தவர். "உசுரோட இருக்கிறவனுக்கு எழவு சொல்றதா? என் பேரைப் போட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்." "பேர் வெட்டின நாள்லருந்து சும்மாதானே மாமா இருக்கீங்க," என்றான் ஒரு பொடியன். ராமையா அவனைத் துரத்திக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி மாரியாயி என் காதருகே வந்து, "எம்பேரைப் போட்டுக்கங்க. அதுக்குப் பேர் வேணாமாம், விட்ருங்க," என்றாள். விட்டுவிட்டேன்.

எழுதியது இதுதான். 'மரண அறிவித்தல். கீழ் டிவிஷன் லயத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட பின்வருவோர், லயத்துக்குப் பின்னாலுள்ள மலை சரியும் நாளன்று காலமாக இருக்கிறார்கள்.' கீழே பெயர்கள், வயது, யாருடைய அன்பு மகள், யாருடைய பாசமிகு கணவர். 'பூதவுடல்கள் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் என்பதால் நல்லடக்கம் நடைபெறாது. மலை வெடித்திருப்பதை உற்றார், உறவினர், அதிகாரிகள் மழைக்கு முன் வந்து பார்வையிடலாம். தகவல்: இறக்க இருப்பவர்கள்.' டவுனில் பேப்பருக்கு விளம்பரம் எடுக்கிற புத்தகக் கடை நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். "டீச்சர், இது மவுத்து நோட்டிஸா, மனுவா?" "ரெண்டும்தான் நானா." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அனுப்புறது என் வேலை. வாசிக்கிறது என் வேலையில்ல," என்று சொல்லி, வாசித்து முடித்ததை மடித்து உறையில் போட்டார். கொழும்பிலும் எவரும் வாசிக்கவில்லை. செய்தியை நாலு பேர் பார்த்து வெட்டுவீர்கள். விளம்பரத்தை வெட்ட உங்களில் யாருக்குத் தைரியம்?

அது வந்த காலை நீதான் முதலில் போன் எடுத்தாய். இந்த முறை சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. "அம்மா, இது உங்க வேலைதானே?" "எது?" "விளையாடாதீங்க. ஆசிரியர் கத்துறார். யாருன்னு எல்லார்கிட்டயும் கேக்குறாங்க." "நீ என்ன சொன்ன?" "எனக்கு மாத்தளையில யாரையும் தெரியாதுன்னு சொன்னேன்." உன் வாழ்க்கையில் நீ சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அதுதான், மகன். உன் வேலை போயிருக்கக் கூடும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும்.

தலைப்பையும் பெயர்களையும் பார்த்தவர்கள் மிச்சத்தை வாசிக்கவில்லை. எங்கள் சனத்துக்கு மரண அறிவித்தலில் பெயரைக் கண்டால் போதும், செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் ரத்தோட்டை வீதியில் யாரோ சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள். வத்தேகமையிலிருந்து, கண்டியிலிருந்து, கொழும்பில் கடைகளில் வேலை செய்த பொடியன்கள் வரை வெள்ளை உடுப்போடு வந்து இறங்கினார்கள். பார்வதியின் அண்ணன் ஒரு கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பிறகு அவளோடு பேசாதவன். பாதை நெடுக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து, வாசலில் அவள் அரிசி புடைப்பதைக் கண்டு நின்றுவிட்டான். "நீ சாகலையா?" "இன்னும் இல்ல. வந்தது வந்துட்ட, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ." அவன் அவளை அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனே முன்னால் நடந்து மேட்டில் ஏறி வெடிப்பைப் பார்த்தான். மற்றவர்களும் ஏறினார்கள்.

பொலிஸும் வந்தது. சண்டைக் காலத்தில் இத்தனை தமிழ்ப் பெயர்கள் ஒரே நாளில் செத்தால் அவர்கள் வராமல் இருப்பார்களா? பொறுப்பதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, பிணங்கள் எங்கே என்று சிங்களத்தில் அதட்டினார். பார்வதி சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: "இன்னும் மழை வரல மாத்தையா." அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, காட்டு என்றார். மேலே போய் வெடிப்புக்குள் தன் கைப்பிரம்பை விட்டு ஆழம் பார்த்தார். பிரம்பு கையிலிருந்து நழுவியது. அது போய்க்கொண்டே இருந்ததை எல்லாரும் கேட்டோம். இறங்கி வந்தவர் பெரிய தொரையின் கந்தோருக்குப் போய், அவருடைய போனிலிருந்தே கச்சேரிக்குப் பேசினார். மறுநாள் கொழும்பிலிருந்து மண் பரிசோதிக்கிறவர்கள் வந்தார்கள். அந்தக் கிழமையே லயம் முழுவதும் எங்கள் பாடசாலையின் இரண்டு மண்டபங்களுக்குக் குடிவந்தது. எனக்குக் கல்விக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் விளக்கினேன். அவர்களுக்கு விளங்கவில்லை, அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ராமையா வரவில்லை. "செத்தவங்க பேர்ல நான் இல்லதானே? அப்ப நான் ஏன் போகணும்?" என்று லயத்திலேயே இருந்துவிட்டார். விதி, மலை, பேப்பர் மூன்றும் கலந்து பேசி முடிவெடுத்ததுபோல் அவருக்கு ஒரு நம்பிக்கை. பொலிஸ் சொன்னது, தோட்டத்துச் சங்கத் தலைவர் சொன்னார், மாரியாயி சோற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் போய் அழுதாள். அவர் சோற்றை வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்புவார். ஐப்பசி மழை பிடித்தது. விடாமல் பெய்து, கான் கரையை மேவத் தொடங்கிய நாள் முற்பகல், மாரியாயி வகுப்புக்குள் வந்து நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "மேட்டுல மரம் சாயுது டீச்சர். அது வர மாட்டேங்குது. நல்லதாச் சொன்னா கேக்காது. கோவம் வந்தாத்தான் அது எந்திரிக்கும்." எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. பதினாறு வயதுக் குரங்கு உள்ளே அப்படியே இருந்தது. "போய் அடிப்பாதையில நின்னு கத்துங்க," என்றேன். "இன்னைக்குப் பேப்பர்ல டீச்சர் அவர் பேரையும் போட்டுட்டாங்கன்னு சொல்லுங்க."

நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம். மாரியாயி பாலத்தடியில் நின்று கத்துவது மழையில் எங்களுக்குக் கேட்கவில்லை. லயத்தில் ஒரு கதவு திறந்தது. ராமையா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நடக்கவில்லை, ஓடி வந்தார். வகுப்புக்குள் வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் என்னைச் சொல்லத் தகாத வார்த்தைகளால் திட்டினார். "எங்க அந்தப் பேப்பர்? காட்டு! எந்தப் பக்கம்?" மேசையில் கிடந்த அன்றைய பேப்பரை நீட்டினேன். "உள் பக்கம்," என்றேன். அவர் ஜன்னலடியில் நின்ற செல்லமுத்துவின் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடத் தொடங்கினார். அப்போது கருங்கல் லொறி ஒன்று எங்கள் கூரையிலேயே கொட்டியதுபோல் சத்தம் கேட்டது. கட்டடம் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே பைனஸ் மரங்கள் நின்றபடியே கீழே வந்தன. பிறகு சிவப்பாக ஒரு புகை, மழையிலும் எழும்பியது. புகை அடங்கியபோது எதிர்ச் சரிவில் லயம் இல்லை. இருந்த இடமும் இல்லை. பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ராமையா மட்டும் திரும்பிப் பார்க்காமல் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் கடைசி வரியில் இருந்தது. "இதுல என் பேர் இல்லையே டீச்சர்," என்றார். "இல்ல," என்றேன். "இல்லவே இல்ல."

அதிபர் கந்தோர்ப் போனிலிருந்து உனக்கு எடுத்தேன். விழுந்தால் எடுக்கச் சொல்லியிருந்தாய்தானே. "மகன், மலை விழுந்துட்டுது." உன் மேசையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. "எத்தனை பேர்?" என்றாய். "ஒருத்தருமில்ல." "காயம்?" "ஒருத்தருக்குமில்ல." மூச்சுவிட்டாய். மகனாக மூச்சுவிட்டாய் என்பது எனக்குக் கேட்டது. பிறகு மேசைக்காரனாகப் பேசினாய்: "அப்ப பாக்கலாம்மா. இடமிருந்தா." அடுத்த நாள் பேப்பரில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பெரிய செய்தி அதுதான். அது இன்றைக்கு வரை எங்கேயும் அச்சாகவில்லை. செத்திருந்தால் முதல் பக்கம்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மேசையில் நான் இருந்திருந்தால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். அந்தக் கதிரைக்கு அந்தக் கேள்விதான் தெரியும். ஆனால் நீ இன்னும் நெடுங்காலம் அதில் இருக்கப் போகிறாய். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பக்கங்களில் இடம் வரும் என்று நான் பைத்தியக்காரத்தனமாக நினைத்திருந்தேன். வந்தது, அதில் கைத்தொலைபேசி விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை. யாராவது ஒருத்தி எங்கேயோ ஒரு தோட்டத்திலிருந்து உனக்குப் போன் எடுப்பாள், நிருபர் என்ற பெயர் இல்லாவிட்டாலும் எடுப்பாள். எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் யார் என்று ஒருமுறை கேள். பதில் நீளமாக வரும், உன் தேத்தண்ணி ஆறிவிடும். ஆறட்டும். கல்யாணம் பேசும்போதும் இதையே செய், பெண்ணின் சம்பளம் எத்தனை என்று உன் அப்பா கேட்பார், நீ முந்திக்கொள்.

நிருபராக நான் அனுப்பும் கடைசிச் செய்தி கீழே இருக்கிறது. மேசையில் நீங்கள் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆட்களை மேலே வைத்திருக்கிறேன். இடமிருந்தால் போடு.

மாத்தளை, எமது நிருபர்: பார்வதி, அவரது மகள், செல்லமுத்து, அவரது மனைவி, மாரியாயி, ராமையா ஆகியோரும் கீழ் டிவிஷன் லயத்தைச் சேர்ந்த ஏனைய குடும்பத்தினர் அனைவரும் உயிருடன் இருக்கிறார்கள். இவர்களது லயம் மண்சரிவில் முற்றாக அழிந்து இரண்டு வருடங்களாகின்றன. பாடசாலை மண்டபங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இவர்கள், கானுக்கு அருகே தகரக் கொட்டில்களில் வாழ்கின்றனர். வீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட காணியில் இதுவரை ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. பார்வதியின் மகள் இம்முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார். கொட்டிலில் வெளிச்சம் இல்லாததால் கோயில் விளக்கடியில் படிக்கிறார். கொட்டில்களுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் சிறு வெடிப்பு ஒன்று காணப்படுகிறது. ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன.